பின் சீட்டில் படுத்துப் பார்த்தவள்

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் வேலூருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு பழைய கார்க் கடைக்குப் போயிருந்தேன். கார் எனக்கு. ஓட்டப்போவதும் நான்தான். துணைக்கு வந்த தம்பிக்கு லைசென்ஸ்கூடக் கிடையாது. ஆனால் "எவ்ளோ கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்று நான் கேட்டால் பதில் அவனுக்குப் போனது. "சிங்கிள் ஓனர் சார். டாக்டர் வெச்சிருந்த வண்டி சார்." தம்பி போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அந்த விற்பனையாளனை வைத்துக் கதை எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கம் முடிவதற்குள் அவனுக்குத் தொப்பை வந்துவிட்டது, பல்லில் பாக்குக் கறை ஏறிவிட்டது, கூசாமல் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டான். உண்மையில் அவன் ஒல்லியான, மரியாதை தெரிந்த பையன். பொய் எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துப் பேசவில்லை, அவ்வளவுதான். எழுதியதைக் கிழித்துப் போட்டேன். எனக்கும் கோபத்துக்கும் நடுவில் கொஞ்சம் தூரம் வேண்டும் என்று பட்டது. ஊரை மாற்ற மனம் வரவில்லை. ஆண்டை மாற்றினேன். 1934.

2

தொடக்கம் ஒன்று: "வேலூர்க் கோட்டை அகழியின் பச்சைத் தண்ணீரில் காலை வெயில் விழுந்து"

[நிறுத்திவிட்டேன். இந்தக் கதையில் யாரும் கோட்டைப் பக்கம் போகப்போவதில்லை.]

தொடக்கம் இரண்டு: "சவுரியம்மாளுக்கு மோட்டார் என்றாலே பயம்."

[பொய். அவளுக்குப் பயம் இல்லை. பயப்படும் பெண் என்றால் உங்களுக்கு உடனே பிடித்துப்போகும் என்று நினைத்து எழுதினேன்.]

தொடக்கம் மூன்று, இதுதான் நின்றது:

சவுரியம்மாள், தோல் பதனிடும் நாற்றம் விடாத ஆம்பூரில் மருத்துவச்சி. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சு வேலை கற்றுக்கொண்டவள். நாற்பதைத் தாண்டியவள், புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பாலாற்றுக்கு அக்கரையில் இருந்த ஊர்களுக்கெல்லாம் அவள்தான் பிரசவம் பார்த்தாள். தன் கையால் ஆகாது என்று தெரிந்தால், வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்வாள். மாட்டு வண்டியில் வேலூர் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகும். முந்தைய ஆனி மாதம் செண்பகம் என்ற பெண் அந்தப் பாதையிலேயே, வண்டிக்குள், இவள் மடியில் செத்துப்போனாள்.

நெமிலியில் அப்பா விட்டுப்போன நிலத்தில் தன் பங்கை சவுரியம்மாள் விற்றாள். மோட்டார் வாங்கப் போகிறேன் என்று தம்பி தானியேலுக்கு ஆள் அனுப்பினாள். அவன் அரக்கோணத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான்.

[செண்பகத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் எழுதியிருக்கிறேன். சவுரியம்மாள் மோட்டார் வாங்க ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணைச் சாகடித்திருக்கிறேன், அவள் முகம் எப்படி இருந்தது என்றுகூடச் சொல்லாமல். திரும்பிப் போய் ஒரு பத்தி சேர்த்தேன்: மெல்லிய உடம்பு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு, வலது கையில் பச்சை குத்தின தேள். பிறகு அதை எடுத்துவிட்டேன். செத்த பிறகு அழகு சேர்ப்பது இன்னும் மோசமாக இருந்தது.]

3

அப்துல் ஹமீத் முதலில் தோல் தரகர். தோல் விலை விழுந்த அந்த வருஷங்களில் ஷாப்பு* முதலாளிகள் முதலில் விற்றது மோட்டாரைத்தான். தரகு படுத்துப்போனதும், அவர் அந்த மோட்டார்களை வாங்கி, பழுது பார்த்து, வேலூரில் ஒரு பழைய மண்டியின் முற்றத்தில் நிறுத்தி விற்க ஆரம்பித்தார்.

(* இந்தப் பக்கத்தில் ஷாப்பு என்றால் தோல் பதனிடும் இடம். கடை என்று நினைத்துவிடாதீர்கள்.)

அக்காவும் தம்பியும் உள்ளே வந்தபோது ஹமீத் வெயிலுக்குக் கையைக் கண்மேல் வைத்து தானியேலைப் பார்த்தார்.

"வாங்க தம்பி. வண்டி ஓட்டுவீங்களா?"

"அரக்கோணத்துல பஸ் ஓட்டறேன் பாய்."

"அப்போ நா ஒண்ணுமே சொல்ல வேணாம். நீங்களே பாருங்க."

முற்றத்தின் நடுவில் பச்சை நிறத்தில் ஒரு வண்டி. ஒரு ஜமீன் வீட்டில் இருந்தது. தவலை மாதிரி இரண்டு விளக்கு, வளைந்த மட்கார்டு, வெள்ளி நிறத்தில் ஹாரன். தானியேல் அதைச் சுற்றி நடந்தான். பிறகு இன்னொரு தடவை நடந்தான். ஹேண்டில் போட்டுச் சுற்றினான், இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து ஹமீத் முகமும் மலர்ந்தது. இரண்டு பேரும் கியர், மேக்னெட்டோ, டயர் என்று பேசிக்கொண்டே போனார்கள்.

"பாய், பின் சீட்டு எவ்ளோ நீளம்?" என்றாள் சவுரியம்மாள்.

"மூணு பேரு தாராளமா ஒக்காரலாம் தம்பி," என்றார் ஹமீத் தானியேலிடம்.

"ஒக்கார்றத கேக்கல. படுக்கறத கேட்டேன்."

முதல் பிரதியில் ஹமீத் இங்கே கேலியாகச் சிரித்தார். அடித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு அவருடையது இல்லை, நான் போன மாதத்திலிருந்து எடுத்து வந்து அவர் வாயில் வைத்தது. அவர் சிரிக்கவில்லை. அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. அதனால் அது கேள்வியாகவே அவர் காதில் விழவில்லை.

சவுரியம்மாள் பின்கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள். ஏறி, புடவையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, சீட்டில் மல்லாந்து படுத்தாள்.

முற்றத்தில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த ஆள் அடிப்பதை நிறுத்திவிட்டான். ஹமீத் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அய்ய, இன்னாக்கா இது! எழுந்திரு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். கதவ சாத்து."

"எங்க சாத்தறது? காலு வெளிய இருக்குது."

"அப்போ இது ஆவாது," என்று எழுந்து வந்தாள்.

தானியேல் பச்சை வண்டியின் மட்கார்டில் கையை வைத்தபடி நின்றான். வாழ்க்கையில் அவன் அவ்வளவு ஆசைப்பட்ட பொருள் வேறு இல்லை.

4

அவள் ஒவ்வொன்றாகப் படுத்துப் பார்த்தாள். கடைசியில் தகரக் கொட்டகைக்குள், பெட்டி மாதிரி சதுரமாக, மேலே மூடிய ஒரு கறுப்பு வண்டி நின்றது. அவள் அதை நோக்கிப் போனதும் ஹமீத் முதன்முதலாக அவளைப் பார்த்துப் பேசினார்.

"அது வேணாம்மா."

"ஏன் பாய், இன்ஜின் போய்ட்ச்சா?"

"இன்ஜின் நல்லாருக்கு. ஸ்பிரிங்கு நல்லாருக்கு. வாசனதான் ஜாஸ்தி. ஒரு ஷாப்பு மொதலாளி தோல் சாம்பிள் ஏத்தினு போன வண்டி. எவ்ளோ கழுவியும் போவல. வாங்கினு போனவங்க ரெண்டு தபா திருப்பினு வந்துட்டாங்க. ஒங்களுக்கு வீண் பேஜாரு."

சவுரியம்மாள் தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்தாள்.

"பாய், நாங்க ஆம்பூரு," என்றாள்.

ஹமீத் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

படுத்தாள். கதவு சாத்திக்கொண்டது. காலை நீட்டியும் இடம் மிச்சம் இருந்தது. படுத்தபடியே, "தானியேலு, எடு. பள்ளம் மேடு பாத்து வுடு," என்றாள். ஹமீத் முன்னால் ஏறிக்கொண்டார். ஊருக்கு வெளியே கல் பாவாத வண்டிப்பாதையில் போய்த் திரும்பினார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் கை வயிற்றின் மேல் போய் நின்றதை ஹமீத் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டார்.

இறங்கியதும் கேட்டார்: "யாரம்மா ஏத்தப்போறீங்க?"

"புள்ள குறுக்க நின்னுட்ட பொம்பளைங்கள."

ஹமீத் அந்தப் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லத்தான் வந்தேன். நீங்க தம்பிகிட்ட பேசினு இருந்தீங்க."

அவர் வெளியே போய் ஒரு தச்சனோடு வந்தார். பின் சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை மூடுகிற மாதிரி ஒரு பலகை அடிக்கச் சொன்னார், பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளலாம் என்று. அதற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை.

[ஹமீதை நல்லவராக்கிவிட்டேனோ என்று சந்தேகம். திருத்த உட்கார்ந்தேன். அப்போதுதான் தோன்றியது: யாருமே வாங்காத வண்டி அன்றைக்கு அவர் தலையிலிருந்து இறங்கியது. அந்தச் சந்தோஷமும் பலகையில் இருக்கும். இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.]

5

இங்கேயே முடித்திருக்கலாம். வண்டி முற்றத்தை விட்டுக் கிளம்புகிறது, ஹமீத் கையை உயர்த்துகிறார். அப்படி முடித்து நண்பர் ஒருவரிடம் படித்தும் காட்டினேன். "நல்லாருக்கு," என்றார். ஆனால் வண்டி வாங்கினது ஆற்றைத் தாண்ட. அது இன்னும் ஆற்றைத் தாண்டவில்லை.

தை மாதத்தில் ஒரு காலை, அக்கரையிலிருந்து ஆள் வந்தது. பஞ்சாட்சரம் வீட்டு மருமகள் கமலத்துக்கு முதல் நாளே நோவு கண்டிருந்தது. பஞ்சாட்சரம் அந்த ஊரில் நிலபுலன் உள்ளவர். அவர் வீட்டுக் கிணற்றில் சவுரியம்மாள் தண்ணீர் சேந்த முடியாது. பிரசவத்துக்கு மட்டும் கொல்லைப் பக்கமாக உள்ளே வரலாம்.

கையை வைத்துப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெளியே வந்தாள்.

"ஐயா, கொழந்த குறுக்க நிக்குது. வேலூருக்குத்தான் போவணும். மோட்டார் நிக்குது."

பஞ்சாட்சரம் வாசலுக்குப் போய் வண்டிக்கு ஒரு கஜ தூரத்தில் நின்றார். மேல்துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இதுலயா? தோல் ஏத்தின வண்டியிலயா எங்க வூட்டுப் பொண்ண ஏத்தச் சொல்ற? மாடு கட்டச் சொல்லியிருக்கேன்."

"மாட்டு வண்டி பொழுது சாயத்தான் போய்ச் சேரும். அதுவரைக்கும் தாங்காது."

"எங்க அம்மா, எங்க பாட்டி எல்லாரும் மோட்டார்லயா போனாங்க?"

"நா ஒருத்திய அப்பிடிப் பறிகுடுத்துட்டு வந்திருக்கேன் ஐயா."

"அது யாரு வூட்டுப் பொண்ணோ."

கமலத்தின் புருஷன் அப்பா முகத்தைப் பார்த்தபடி நின்றான். சவுரியம்மாள் வாதாடினாள். பஸ் வேலையை விட்டு அக்காவுக்கு ஓட்ட வந்துவிட்ட தானியேல்கூட இறங்கி வந்து, "பாதிப் பொழுதுகூட ஆவாதுங்க," என்றான். இந்தச் சண்டையை நான் மிகவும் ரசித்து எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. உங்களுக்குக் கொஞ்சம்தான் கொடுத்திருக்கிறேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது கையை எடுத்துவிட்டேன். அந்த ஒன்றரைப் பக்கத்தில் கமலத்துக்கு ஒரு வார்த்தை இல்லை. அவளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, அவளை எதில் ஏற்றுவது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். பஞ்சாட்சரம் பேசினார், சவுரியம்மாள் பேசினாள், நானும் பேசினேன்.

சவுரியம்மாளுக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பேச்சை நடுவில் விட்டுவிட்டு உள்ளே போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"கமலம், நீ சொல்லும்மா. எதுல போற?"

கமலத்துக்கு வயது இருபதுகூட இருக்காது. மாமனார் காதுபட அவள் பேசியதே இல்லை. நோவு வந்து போகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டு வண்டி குலுக்குமே," என்றாள்.

"ரொம்பக் குலுக்கும்."

"மோட்டாரு?"

"அதுவும் குலுக்கும். கம்மியா குலுக்கும். சீக்கிரம் போய்டும். நா படுத்துப் பாத்துதான் வாங்கனேன்."

"நாறுமாமே."

"நாறும்."

கமலம் கையை நீட்டினாள். "என்னத் தூக்கி வுடுங்க. மோட்டார்ல போறேன்."

குரல் பெரிதாக இல்லை. ஆனால் வாசல் வரைக்கும் கேட்டது. பஞ்சாட்சரம் துண்டை மூக்கிலிருந்து எடுத்தார். புருஷன் உள்ளே ஓடி வந்து மறுபக்கத்தில் தோள் கொடுத்தான்.

6

பாலாறு காய்ந்து கிடந்தது. காலையில் லேசான வண்டியைத் தாங்கிய நடு மணலில் இப்போது பின்சக்கரம் இறங்கிவிட்டது. தானியேல் எடுக்க எடுக்க அது இன்னும் இறங்கியது.

இங்கே இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அக்கரையிலிருந்து பத்துப் பேர் ஓடி வந்து தள்ளினார்கள். அந்தப் பத்துப் பேர் யார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இன்னொன்றில் பஞ்சாட்சரம் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை, அதற்குள் மாறவும் மாட்டார்.

நடந்தது இதுதான். அவர் மாட்டு வண்டியைக் காலியாகவே பின்னால் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். மோட்டார் நடுவழியில் படுத்துவிடும், அப்போது மருமகளை இதில் மாற்றிக்கொள்ளலாம் என்று. வந்து பார்த்தார். மூடிய கதவுக்கு உள்ளிருந்து கமலத்தின் குரல் வந்தது. அவர் நுகத்தடியிலிருந்து மாடுகளை அவிழ்த்தார். வண்டிக் கயிற்றை மோட்டாரின் முன் அச்சில் தன் கையாலேயே கட்டினார். யாரையும் பார்க்கவில்லை. "ஹேய்" என்று மாட்டை மட்டும் அதட்டினார். சக்கரம் மேலே வந்தது. கரை ஏறும்வரை மாடுகள் இழுத்தன.

கயிற்றை அவிழ்த்துவிட்டு அவர் ஒதுங்கி நின்றார். இதற்குமேல் வேலூர்ச் சாலை.

போய்ச் சேர்ந்தார்களா, குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எழுத முடியாமல் இல்லை. ஒரு வரியில் பிழைக்கவைக்கலாம், ஒரு வரியில் கொல்லலாம், இரண்டுக்கும் எனக்கு ஒரே அளவு மைதான் செலவாகும். அதனால்தான் எழுதவில்லை. நான் பஞ்சாட்சரத்தோடு கரையிலேயே நின்றுவிட்டேன்.

பின் சீட்டில் கமலம் படுத்திருக்கிறாள். பலகையில் சவுரியம்மாள் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், கால்மாட்டில் புருஷன் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறான். தானியேல் கியரில் கை வைத்திருக்கிறான். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. முன் சீட்டில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாக இருக்கிறது.

ஏறுவதானால் சீக்கிரம் ஏறுங்கள்.