பல் துலக்கும் பிரஷ் இருக்கும் இடம்

ஒன்றாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'குடும்பமும் வீடும்' என்ற பாடத்தைப் பதினோரு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் அது வரும். வீடு என்றால் என்ன என்று கேட்டால் ஆறு வயதுப் பிள்ளைகள் கூரை என்பார்கள், கதவு என்பார்கள், நாய் என்பார்கள். எல்லோரும் சொல்லி முடித்தபின், எனக்கே உரியதென்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த விளக்கத்தைச் சொல்வேன்: தூங்கப் போகும்போது உன் பல் துலக்கும் பிரஷ் எங்கே இருக்கிறதோ, அதுதான் உன் வீடு. பாடநூலில் இல்லாத வரி. பெற்றோர்கள் கேட்டு ரசிப்பார்கள். தலைமையாசிரியர் திருமதி ஹாலரன் ஆசிரியர் கூட்டமொன்றில் அதை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

இந்த ஆண்டும் சொன்னேன். உடனே ஒரு பையன், "எனக்கு ரெண்டு பிரஷ் இருக்கு மிஸ். அப்பா வீட்டுல ஒண்ணு, அம்மா வீட்டுல ஒண்ணு" என்றான். அப்படியானால் உனக்கு இரண்டு வீடு என்றேன். வகுப்பு அவனைப் பொறாமையோடு பார்த்தது. என் வரி எல்லாச் சோதனைகளையும் தாங்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஃபேர்லாண்ட், ஈரி ஏரிக்கரையின் பெருநகரத்தை ஒட்டிய சிற்றூர். இரண்டையும் பிரிப்பது ஹோல்டன் சாலை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வரலாம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நகரத்துப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். பேருந்து சாலையைக் கடக்கும், பீட்சாக்காரன் கடப்பான், பனி இரண்டு பக்கமும் ஒரே அளவில் விழும். பள்ளி மட்டும் கடக்காது. இது ஊரில் வளர்ந்தவர் எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

பாடத்தின் முடிவில் பிள்ளைகள் தடித்த தாளில் ஆளுக்கொரு வீடு செய்வார்கள். கதவைத் திறந்தால் உள்ளே குடும்பம் நிற்கும். வாசலில் ஒரு தபால் பெட்டி, அதில் முகவரி. தொலைந்துபோனால் சொல்லத் தெரிய வேண்டும் என்பதற்காக முகவரியை மனப்பாடமும் செய்வார்கள். இந்த ஆண்டு அதை முதலில் ஒப்பித்தவள் நாடீன் ப்ரூவிட். "இருநூத்திப் பதினாலு, லார்ச் தெரு, ஃபேர்லாண்ட்" என்று பாட்டாகவே பாடினாள். அலுவலகப் பட்டியலில் சரிபார்த்து அவளுக்கு ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டினேன்.

புதன்கிழமை அவளுடைய காகித வீட்டைப் பார்த்தேன். இருபத்திரண்டு வீடுகளில் அதுவே சிறந்தது. மற்றவர்கள் முக்கோணக் கூரை போட்டிருந்தார்கள், அவள் போடவில்லை. கீழே டயர்கள் அடுக்கிய கடை. பக்கவாட்டில் வெளிப்புற இரும்புப் படிக்கட்டு, ஒவ்வொரு படியும் எண்ணி வரையப்பட்டிருந்தது. மேலே ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடி டம்ளர், அதில் பெரிதும் சிறிதுமாக இரண்டு பிரஷ். கதவுக்குப் பின்னால் பச்சைச் சீருடையில் அம்மா, பக்கத்தில் அவள். தபால் பெட்டியில் மட்டும் 214, லார்ச் தெரு. லார்ச் தெருவில் ஓட்டுக் கூரை போட்ட, மாடியில்லாத வீடுகளைத் தவிர வேறெதுவும் கிடையாது.

அவள் பக்கத்துச் சிறு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இது யார் வீடு, நாடீன்?"

"எங்க வீடு மிஸ்."

"கீழ டயரெல்லாம் இருக்கே."

"அது ஆர்லோ கடை. அவர் எங்க படிக்கட்டுலதான் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவார். 'வாடகை குடுத்துட்டு உட்காருங்க'ன்னு அம்மா சொல்வாங்க. அவர் பாதி சாண்ட்விச்சை நீட்டுவார்."

"அப்ப லார்ச் தெருவுல யார் இருக்கா?"

"டுவைட் மாமா. அது ஸ்கூல் அட்ரஸ் மிஸ்."

பள்ளிக்கென்று ஒரு காலணி, விளையாட்டுக்கென்று ஒரு காலணி என்பதைப்போல இயல்பாகச் சொன்னாள். அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பின்னால் பலரிடம் புரியவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அழகாக வரைந்திருக்கிறாய் என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. படமும் முகவரியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நின்றது என்னை உறுத்தியது. அவ்வளவு உண்மையான ஒரு வீட்டின் முன்னால் பொய்யான ஒரே ஒரு வரி. நல்ல பிரதியில் பிழை கண்டவளைப்போல என் விரல் அங்கேயே போயிற்று.

"பிரஷ் எங்க இருக்கு?"

அவள் டம்ளரைக் காட்டினாள்.

"அப்ப தபால் பெட்டில என்ன எழுதணும்?"

"அதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. மிஸ்கிட்ட சொல்லலாமா?"

"நாம சரியானதைத்தானே எழுதறோம்" என்றேன். அழிக்கும் ரப்பரையும் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் அழித்தாள். சாம்பல் நிறக் கறை ஒன்று எஞ்சியது. அதன் மேல் நாக்கை ஓரமாக நீட்டியபடி எழுதினாள்: 5, கார்னெட் தெரு, மேல் மாடி. கார்னெட் தெரு ஹோல்டன் சாலைக்கு அந்தப் பக்கம்.

அந்தப் படத்தை நடைவழிச் சுவரின் நடுவில், அலுவலகக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். மறுநாள் மாலை பெற்றோர் வரும் நாள். உள்ளே நுழைபவர்கள் முதலில் பார்க்கும் இடம் அதுதான். சிறந்ததை அங்கே மாட்டுவது என் வழக்கம். ஆபத்தை நினைக்கவே இல்லையா என்று என்னையே கேட்டிருக்கிறேன். நினைத்தேன். சிறு பிள்ளையின் கோணல் எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்றும் கூடவே நினைத்தேன்.

வியாழக்கிழமை மாலை நாடீனின் அம்மா கொரீன் வந்தாள். முதியோர் இல்லத்தில் உதவிச் செவிலியாக வேலை. பச்சைச் சீருடையோடு நேரே வந்திருந்தாள். சுவரின் முன் நின்றாள். படிக்கட்டைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. தபால் பெட்டியைப் பார்த்தபோது அது நின்றுபோனது. இரண்டையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ் நோவாக், இதை நான் இப்பவே எடுத்துட்டுப் போகட்டுமா? அவ மாமாவுக்குக் காட்டணும்."

"நாளைக்கு எல்லாத்தையும் குடுத்தனுப்பிடுவேன். இன்னும் நிறைய பேர் பார்க்கல."

"இதுல ஒண்ணு தப்பா எழுதியிருக்கா. திருத்திக் கொண்டு வந்துடறேன்."

"தப்பு ஒண்ணும் இல்லையே. க்ளாஸ்லயே இதுதான் நல்லா வந்திருக்கு."

நான் முட்டாளா, அல்லது கல்நெஞ்சக்காரியா என்று தேடுவதுபோல என் முகத்தைப் பார்த்தாள். பின்னால் வேறொரு தந்தை நின்று அந்தப் படிக்கட்டைப் பாராட்டிக்கொண்டிருந்தார். கொரீனின் விரல் குண்டூசியின் மேல் இருந்தது. விரலை மெதுவாக விலக்கிக்கொண்டாள்.

"நீங்க நல்ல டீச்சர்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாள்.

ஏன் மறுத்தேன்? சுவரின் நடுவில் ஓர் இடம் காலியாக நிற்கும் என்பதற்காக. இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று நெடுநாள் தேடினேன். இல்லை.

வெள்ளிக்கிழமை வழக்கத்துக்கு முன்பாகவே பள்ளிக்குப் போனேன், படத்தை எடுத்துவிடலாம் என்றுதான். சுவருக்கு முன்னால் பெவர்லி காபிக் கோப்பையோடு நின்றிருந்தாள். அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக இருக்கிறாள். ஊரின் ஒவ்வொரு தெருவும் அவளுக்கு அத்துபடி.

"ரெனாட்டா, கார்னெட் தெரு நம்ம பக்கமா, அந்தப் பக்கமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் என் வீட்டுக்கு வரேன்னு கிளம்பி ஏரியில போய் நின்னவதானே நீ. உன்னைப் போய்க் கேட்டேன் பாரு." சிரித்தாள். ஆனால் கையில் பட்டியல் இருந்தது. "இங்க பாரு, நானா தேடிப் போகல. கண்ணுக்கு நேரா மாட்டி வெச்சிருக்க. நேத்து ஒரு அம்மா வேற படிச்சுட்டு வந்து கேட்டுட்டுப் போனாங்க. இனிமே நான் பார்க்காத மாதிரி இருக்க முடியாது."

முதல் மணிக்குப் பிறகு திருமதி ஹாலரன் என்னை அழைத்தார். காகித வீடு அவருடைய மேசையில் கிடந்தது.

"இது பிள்ளையோட கற்பனையா கூட இருக்கலாம், இல்லையா? போன வருஷம் ஒருத்தன் அவன் வீட்டுக் குளியலறையில டைனோசர் இருக்குன்னு வரைஞ்சான். அதுக்காக நாம யாரையும் அனுப்பிப் பார்க்கல." சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்துக் காத்திருந்தார்.

அவர் எனக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அறையைவிட்டு வெளியே வந்த பிறகே தெரிந்தது. அந்த நேரத்தில் என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: என் வகுப்பில் செய்த வேலை சரியானதா என்ற சந்தேகம்.

"இல்ல, கற்பனை இல்ல. நானே பக்கத்துல உட்கார்ந்து கேட்டு எழுத வெச்சேன்" என்றேன்.

திருமதி ஹாலரன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி" என்றார்.

அடுத்த வாரம் இரண்டு காலைப்பொழுதுகளில், கார்னெட் தெருவில் டயர் கடைக்கு எதிரே பள்ளி நிர்வாகத்தின் ஆள் ஒருவர் காரில் உட்கார்ந்திருந்தார். நாடீன் இரும்புப் படிக்கட்டில் இறங்கி வந்ததைக் குறித்துக்கொண்டார். ஆர்லோ போய்க் கார் கண்ணாடியைத் தட்டி, டயர் மாற்றணுமா என்று கேட்டாராம்.

புதன்கிழமை கூட்டம். கொரீன், அவளுடைய அண்ணன் டுவைட், திருமதி ஹாலரன், நான். வழி இரண்டுதான்: நாடீன் நகரத்துப் பள்ளிக்குப் போக வேண்டும், அல்லது டுவைட் அவளுடைய பாதுகாவலர் என்று கையெழுத்திட்டு, அவள் உண்மையிலேயே லார்ச் தெருவில் தூங்கி எழ வேண்டும்.

"போன வருஷம் அங்க கிண்டர்கார்டன்ல முப்பத்தி நாலு பேரு" என்றாள் கொரீன். "ஜூன் வரைக்கும் அவ வாயே திறக்கல. ஊமையான்னு என்னைக் கேட்டாங்க. இங்க வந்து நாலு வாரத்துல பாடறா. திரும்ப அங்க விட்டா மறுபடி மூடிக்குவா. அது எனக்குத் தெரியும்."

டுவைட் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பெரிய உடம்பைச் சிறிய நாற்காலியில் அடக்கி வைத்திருந்தார். "என்கூட இருக்கட்டும். என் சமையலை ஒரு வாரம் சாப்பிட்டா அவளே நகரத்துப் பள்ளிக்குப் போறேன்னு கெஞ்சுவா."

"நீ முட்டையையே கருக்குவியே" என்றாள் கொரீன், தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "காலையில அவளுக்குத் தலை பின்னத் தெரியுமா உனக்கு?"

"கத்துக்கறேன்."

"என்னத்த கத்துக்குவ. கிரீஸ் கையோட." டுவைட் கையெழுத்திட்ட தாளை இழுத்து, சம்மதம் என்று அவளும் கையெழுத்திட்டாள். வெள்ளிக்கிழமை மாலை மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், ஞாயிறு மாலை திரும்பக் கொண்டுவந்து விடலாம். அதற்குப் பள்ளி விதி இடம் கொடுத்தது.

நடைவழியில் அவளிடம் மன்னிப்புக் கேட்க முயன்றேன். நான் பேசத் தொடங்குமுன் அவள் சொன்னாள்:

"அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம் மிஸ் நோவாக். பாடத்துல தான் ஃபெயிலான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லடி, க்ளாஸ்லயே நீதான் சரியா எழுதினவன்னு சொன்னேன்." சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள். குத்திக்காட்டச் சொன்னதில்லை அது, மகளுக்காகச் சொன்னது. குத்திக்காட்டியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

கேட்க வேண்டிய மன்னிப்பு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை நாடீன் வந்தாள். பின்னல் ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தொங்கியும் இருந்தது. கூட்டத்தன்று அவள் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்த காகித வீட்டைப் பையிலிருந்து எடுத்து என் மேசையில் விரித்தாள்.

"மிஸ், ரப்பர் வேணும்."

"எதுக்கு?"

அவள் ஜன்னல் விளிம்பிலிருந்த டம்ளரைத் தொட்டுக் காட்டினாள். "சின்னது என்னோடது. அது இப்ப மாமா வீட்டுல இருக்கு. இது அம்மா வீடு."

"ரெண்டு பிரஷ் வெச்சுக்கலாமே, நாடீன். ரெண்டு வீடும் உன்னோடதுதான்."

"மாமாவும் அப்படித்தான் சொன்னார். ஆனா ஆபீஸ்ல ஒரு வீடுதான் எழுதணுமாம்."

மற்றப் பிள்ளைகள் கோட்டுகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியை விட்டிறங்கி, அவள் உயரத்துக்கு மண்டியிட்டேன்.

"நான் சொன்னது தப்பு, நாடீன்."

"எது மிஸ்?"

"பிரஷ் பத்திச் சொன்னது. வீடு அப்படி இல்ல."

அவள் பொறுமையோடு யோசித்தாள். பிறகு, என்னைத் திருத்த வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் அவள் முகத்தில் தெரிந்தது. "ஆனா ஆபீஸ்ல எல்லாரும் அப்படியே எழுதி முடிச்சுட்டாங்களே மிஸ்."

கையை நீட்டியபடி காத்திருந்தாள். இழுப்பறையைத் திறந்து, அன்று கொடுத்த அதே ரப்பரை எடுத்துக் கொடுத்தேன்.