விளக்கு மேசையில் கிடந்தது

மீன் தொழிற்சாலையில் பெல்ட் நின்றுவிட்டது. கத்தியும் கையுமாக நின்றிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். வரிசையின் கடைசியில் குன்வோர் ஒரு கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறு கையில் இடுக்கி. இடுக்கியின் நுனியில், தபால்தலை அளவில், கண்ணாடித்தாள் போல ஏதோ ஒன்று தொங்கியது.

"உன் சொத்து ஒண்ணு இங்க கிடக்குது, வந்து எடுத்துக்க அண்ணி!" என்றாள்.

அண்ணி என்ற சொல்லைக் குன்வோர் இப்போதெல்லாம் நாலு பேர் காதில் விழுகிற இடத்தில் மட்டும்தான் பயன்படுத்துகிறாள். அவள் கூப்பிட்டது போதில் என்ற பெண்ணை. தன் புருஷனான குன்வோரின் அண்ணன் ஓட்வாரை அவள் விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு வருஷமும் இருவரும் ஒரே தொழிற்சாலைக் கூரையின் கீழ், ஒரே பெல்ட்டில், காட் மீனின் சதையை முகம் பார்க்காமல் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். போதில் முள்ளையும் புழுவையும் எடுத்துத் தட்டில் வைப்பாள். தட்டில் அவள் எண் இருக்கும். அது கடைசியில் குன்வோரின் மேசைக்குப் போகும். பால் நிறக் கண்ணாடி போட்டு அடியில் விளக்கு எரியும் மேசை அது. மீன் துண்டை அதன்மேல் விரித்தால் சதைக்குள் சுருண்டிருக்கும் புழு பழுப்பாகத் தெரிந்துவிடும். போதிலின் தட்டில் ஒரு புழு கிடைத்துவிட்டால் குன்வோருக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். இன்று கிடைத்திருப்பது புழு இல்லை, அதைவிட ருசியானது.

போதில் கத்தியை வைத்துவிட்டு நடந்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். ஹார்மோன் பேட்ச்தான், சந்தேகமில்லை. மாதவிலக்கு நிற்கிற வயதில் உடம்பு குப்பென்று பற்றி எரிந்து, ராத்தூக்கம் போய், கை நடுக்கம் எடுக்கும் பெண்களுக்குத் தோலில் ஒட்டிக்கொள்ள டாக்டர் எழுதிக்கொடுப்பது. கையில் கத்தி பிடிக்கிறவளுக்குத் தூக்கமும் நடுங்காத கையும் இல்லாமல் பிழைப்பு இல்லை.

அந்தத் தொழிற்சாலையில் மோதிரம் கூடாது, தோடு கூடாது, நகப்பூச்சு கூடாது. விரலை வெட்டிக்கொண்டால் ஒட்டுகிற பிளாஸ்திரிகூட நீல நிறத்தில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் மீனில் நீலம் என்று எதுவும் கிடையாது. போதாததற்கு அதற்குள் மெல்லிய உலோகத்தகடு வேறு இருக்கும். மீனோடு போய்விட்டால் எந்திரம் அலறும். ஹார்மோன் பேட்சுக்கு நிறமும் இல்லை, தகடும் இல்லை. அதனால் அதைப் போடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். பதிந்திருந்தது போதில் ஒருத்திதான். அவளும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் என்பதால் பதியவில்லை. போன இலையுதிர் காலத்தில் அவளுடைய பேட்ச் கழன்று மீன் தொட்டியில் மிதந்து, கையும் களவுமாக மாட்டிக்கொண்டதால் பதிந்தாள். அதற்கு ஓர் எச்சரிக்கையும் வாங்கினாள். இரண்டாவது வாங்கினால் கத்தியையும் பூட்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அந்த ஊரில் இந்தத் தொழிற்சாலையை விட்டால் ஒரு கடை, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மாதாகோயில். மூன்றிலும் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

"காலையிலேர்ந்து வெட்டினதெல்லாம் தீவனத்துக்குத்தான் போகும்," என்று யாரோ முணுமுணுத்தார்கள். அத்தனை பேர் கண்ணும் போதிலின் முதுகில் குத்தின.

*

தரம் பார்க்கும் ஸ்டைனார் தெற்கே படித்துவிட்டு வந்த இளைஞன், ரொம்ப மரியாதைக்காரன். வேலையை விட்டு அனுப்பும்போதுகூட நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் அனுப்புவான். எல்லோரையும் காபி அறைக்கு வரச்சொன்னான். பேட்சை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மேசையில் வைத்தான். பக்கத்தில் யாரோ பாதி தின்று வைத்த ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் இருந்தன.

"இது உங்களுதுதானே, போதில்?"

"இல்ல."

"பேர் பதிஞ்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

"சொன்னவ நான் ஒருத்தி. போடறவளும் நான் ஒருத்திதான்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

ஐம்பதைத் தாண்டியவர்கள் அந்த அறையில் பாதிக்குமேல் இருந்தார்கள். எல்லோரும் திடீரென்று தங்கள் காபிக் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். தோரில் என்பவள் மட்டும், அவளுக்கு எதையும் சிரிப்பாக்காவிட்டால் தலை வெடித்துவிடும், "எனக்கு அந்த எழவெல்லாம் வேணாம்ப்பா. எம் புருஷன் கடலுக்குப் போயிட்டாலே எனக்கு உடம்பு தேவலையாயிடுது," என்றாள். சிரிப்பு வந்து சட்டென்று அடங்கியது.

போதிலுக்குத் தன் இடுப்பில் பேட்ச் இருக்கிறது என்று தெரியும். தொட்டுப் பார்க்கக்கூடத் தேவையில்லை. முதல் எச்சரிக்கைக்கு முன்னால் அது படுத்திய பாடு இருக்கிறதே! காலையில் ஒட்டினால் மத்தியானம் உள்ளாடையில் கிடக்கும், இல்லாவிட்டால் காலுறைக்குள். பேட்ச் கம்பெனியைத் திட்டினாள், டாக்டரைத் திட்டினாள், கடைசியில் தன் தோலையே திட்டினாள். மேலே டேப் போட்டுப் பார்த்தாள். டேப்போடு சேர்ந்து கழன்றது. ஆரோக்கிய நிலையத்து நர்ஸ்தான், "ஒட்டுறப்ப கையில என்ன இருந்துச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கையில் என்ன இருக்கும்? எல்லோர் கையிலும் இருப்பதுதான். பசுமாட்டு மடிக்குப் பூசுகிற களிம்பு. உடை மாற்றும் அறைக் கதவருகே பெரிய டப்பா இருக்கும். கையுறை மாட்டுவதற்கு முன் ஒவ்வொருத்தியும் அதில் இரண்டு விரலை விட்டுத் தேய்த்துக்கொள்வாள். இல்லாவிட்டால் உப்புத்தண்ணீரில் மத்தியானத்துக்குள் கை வெடித்து ரத்தம் கசியும். அந்தக் கையாலேயே பேட்சை உரித்து ஒட்டிக்கொண்டிருந்தாள். மாட்டுக் களிம்பும் பசையும் என்றைக்கு ஒத்துப்போயிருக்கின்றன? அதற்கப்புறம் சாயங்காலம் வீட்டில்தான் ஒட்டுகிறாள். குளித்து, ஈரம் போகத் துடைத்து, கொஞ்ச நேரம் சும்மா நின்று, பசையில் விரல் படாமல் உரித்து, உள்ளங்கைச் சூடு உள்ளே இறங்குகிற வரைக்கும் அழுத்திப் பிடிப்பாள். இப்போது பிடுங்கினால்கூட வருவதில்லை.

எழுந்து நின்றாள். ரப்பர் கால்சட்டையின் தோள்வாரைக் கழற்றினாள். கம்பளி உள்ளாடையை ஒரு பக்கம் இடுப்புக்குக் கீழே இறக்கினாள். ஸ்டைனார் சட்டென்று திரும்பி, காபி எந்திரத்தில் ஒட்டியிருந்த சுத்தம் செய்யும் குறிப்புகளைப் படிக்க ஆரம்பித்தான்.

"நல்லாப் பாத்துக்குங்க. ஒட்டியிருக்கா, இல்லையா?"

"விழுந்ததும் ஓடிப்போய்ப் புதுசு ஒட்டியிருப்பா," என்றாள் குன்வோர், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "கெட்டிக்காரிதானே எங்க அண்ணி. எங்க வீட்ட விட்டு ஓடும்போதும் அப்படித்தான், ஒரு குஞ்சுகுளுவான் கண்ணுலகூடப் படல. இந்த மருந்து ஒட்டினதுலேர்ந்துதான் புத்தி இப்படி ஆச்சு. பாவம், எங்க அண்ணன்."

ஊர் வாய்க்கு அவள் போட்ட அவல் இதுதான். மருந்து ஒட்டிக்கொண்டாள், வயசு குறைந்துவிட்டதாக நினைப்பு வந்துவிட்டது, கட்டினவனை விட்டுவிட்டுப் போனாள். நடந்தது நேர் தலைகீழ். உடம்பு எரிந்து தூக்கம் போன முதல் குளிர்காலத்தில் போதில் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்தாள். வீட்டுச் சூடெல்லாம் போகிறது என்று ஓட்வார் மூடினான். அவள் திறந்தாள். ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் ஜன்னல் சட்டத்தில் வரிசையாக ஆணி அடித்திருந்தது. அவன் பாட்டுக்குத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஆணிகளைப் பார்த்த அன்றைக்கே அவள் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பேட்ச் அதற்கு அப்புறம் வந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஆணி அடித்தான் என்பதற்காக ஒருத்தி வீட்டை விட்டு வருவாளா என்று கேட்பார்கள்.

"ஓரத்தப் பாருடி," என்றாள் போதில். குரல் உயர்ந்துவிட்டது. "கண்ணு இருக்கில்ல? புழுவ மட்டும்தான் தெரியுமா உனக்கு? பசை ஓரத்துல கம்பளி நூலு ஒட்டிக் கறுத்துக் கிடக்குது பாரு. இந்த அழுக்கு ஏற நாள் ஆகும். இப்ப ஒட்டினது பளிச்சுனு இருக்கும். பேட்சத் தோல்லேர்ந்து எடுத்தாக்கூடப் போகாது, சதுரமா பசைத் தடம் அப்படியே நிக்கும். எனக்கு வேற எங்கயாவது தடம் இருக்கான்னு பாக்கணுமா? மறுபக்கமும் அவுக்கிறேன், பாருங்க."

அவிழ்த்தும் காட்டினாள். அவமானத்தில் அவளுக்குக் காது இரண்டும் எரிந்தது, ஆனால் காட்டினாள். தோரில் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். "கறுத்துத்தான் கெடக்கு. மறுபக்கம் சுத்தமா இருக்கு," என்றாள், முதல்முறையாகக் கிண்டல் இல்லாமல்.

ஸ்டைனார் காபி எந்திரத்தைப் பார்த்தபடியே பேசினான். "நான் நம்பறேன்னே வெச்சுக்குங்க. அழுக்கப் பாத்தேன், அதனால அவங்க இல்லன்னு ஆபீஸ்ல சொல்ல முடியுமா? தன்னுதுன்னு யாராவது ஒத்துக்கிட்டா சரி. முதல் தடவைன்னா எச்சரிக்கையோட போயிடும். ஷிஃப்ட் முடியறதுக்குள்ள வந்து சொல்லுங்க. இல்லன்னா, பதிவுல இருக்கிற பேரு ஒண்ணுதான், போதில். என்னை மன்னிச்சிடுங்க."

போதில் தோள்வாரை மாட்டிக்கொண்டே சுற்றிப் பார்த்தாள். தோரில், அவள் பக்கத்தில் இருந்தவள், அதற்கடுத்தவள். யாருடைய முகத்திலும் ஒன்றும் இல்லை. குன்வோரின் நாற்காலி காலியாக இருந்தது. கோப்பையில் காபி அப்படியே இருந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது. தீப்பிடித்தாலும் காபியைக் குடித்துவிட்டு ஓடுகிறவள் குன்வோர்.

*

போதில் குன்வோரைத் தேடிப் போனாள். கழிப்பறைக் கதவு தாழிடப்படவில்லை, வெறுமனே சாத்தியிருந்தது. அவசரத்தில் மறந்திருப்பாள். போதில் தள்ளினாள்.

குன்வோர் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தாள். ரப்பர் கால்சட்டை முழங்கால் வரை இறங்கியிருந்தது. சட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு சதுரத் தடம். ஓரமெல்லாம் கறுத்த பசை. நடுவில் தோல் வெள்ளையாக இருந்தது. ஒரு பாதியை ஏற்கெனவே சுரண்டிச் சிவக்க வைத்துவிட்டாள்.

போதில் உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள். தாழ்ப்பாள் கையோடு வந்துவிடும்போல இருந்தது. அத்தனை கோபம்.

"களிம்புக் கையோடவா ஒட்டின?"

குன்வோர் சட்டையை வாயிலிருந்து விட்டாள். "இப்பதான் தெரியும்," என்றாள். "சத்தியமா. கையைத் தூக்கினப்ப எனக்குத் தெரியாது. உன்னுதுன்னுதான் நெனச்சேன். காலையில இங்க வந்துட்டுப் போனப்ப சட்டைக்கைல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும் போல. நீ தடம், தடம்னு சொன்ன பிறகுதான் தொட்டுப் பாத்தேன்."

"எத்தனை நாளா ஒட்டுற?"

"கோடையிலேர்ந்து."

கோடையிலிருந்து. போதில் மனசுக்குள் அந்த மாதங்களைத் திரும்பிப் பார்த்தாள். கடை வாசலில், மாதாகோயில் படியில், இதே பெல்ட்டின் ஓரத்தில் குன்வோர் அவளைப் பற்றிப் பேசிய ஒவ்வொரு தடவையும் இது அவள் இடுப்பில் இருந்திருக்கிறது. பாவம் எங்க அண்ணன் என்று சொல்லும்போதும் இருந்திருக்கிறது.

"தூக்கம் வரல போதில்," என்றாள் குன்வோர். அண்ணி என்று சொல்லவில்லை. "படுக்கையில நெருப்பு மேல கெடந்த மாதிரி. ராத்திரி எழுந்து பனியில வெறுங்காலோட போய் நின்னிருக்கேன். நீ அன்னைக்குச் சொன்னப்ப நடிக்கிறதா நெனச்சேன். ஓட்வார்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

"இதைப் போய் அங்க சொல்லு."

"முடியாது."

"உனக்கு முதல் எச்சரிக்கைடி. ஒரு காகிதம், அவ்வளவுதான். எனக்கு வேலையே போயிடும்."

"வேலை போனா டவுன்ல வேற வேலை பாத்துக்கலாம். நான் இங்கதானே இருக்கணும்? இத்தனை பேசிட்டு நானும் ஒட்டியிருக்கேன்னு சொன்னா, இந்த ஊர்ல எப்படித் தலை காட்டுறது?"

"நான் காட்டல?"

போதில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்க, குன்வோர் கூசாமல் கட்டைவிரலை மறுபடி தடத்துக்குக் கொண்டுபோனாள். வேகவேகமாகச் சுரண்டினாள். கறுத்த பசை உருண்டு உருண்டு தரையில் விழுந்தது. மிச்சமிருப்பதும் போய்விட்டால் அவ்வளவுதான், பதிவில் இருக்கும் ஒரே பெயர் மட்டும் நிற்கும். போதில் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். களிம்பு வழுக்கியது, கை நழுவிப் போய் மறுபடி இடுப்புக்கே வந்தது. இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தச் சின்ன அறையில், முழங்காலில் சிக்கிய ரப்பர் கால்சட்டையோடு தள்ளுமுள்ளு செய்தார்கள். கை கழுவும் தொட்டி மேலிருந்த சோப்புப் புட்டி கீழே விழுந்து உருண்டது.

"உள்ள யாரு?" வெளியே ஸ்டைனாரின் குரல். கதவில் மெல்லத் தட்டினான், அதிலும் ஒரு மரியாதை. "குன்வோரா? பெல்ட்ட ஓட்டணும்."

"கத்து," என்றாள் குன்வோர் பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக. "கத்திக் கூப்பிடு. அதுக்குத்தானே வந்த?"

"நீயே சொல்லு. உன் வாயால சொல்லணும்."

குன்வோரின் நகம் மறுபடி வந்தது. போதில் தோளால் அவளைச் சுவரோடு நெருக்கி, அந்த விரலைத் தட்டிவிட்டு, மிச்சமிருந்த பாதித் தடத்தின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள். பலம் கொண்ட மட்டும் அழுத்திப் பிடித்தாள். தோல் அடுப்புபோலக் கொதித்தது. குன்வோரின் கழுத்திலும் நெற்றியிலும் வியர்வை பொங்கி வந்தது. இருவர் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. இரண்டு வருஷமாகப் பார்க்காத அந்தக் கண்களின் கீழே கருவளையம் கட்டியிருப்பதைப் போதில் பார்த்தாள். பார்த்தும் கையை எடுக்கவில்லை.

"யாரு உள்ள?" என்றான் ஸ்டைனார் மறுபடி.

குன்வோர் வாயைத் திறந்தாள், மூடினாள். போதிலின் உள்ளங்கைக்கும் அவள் இடுப்புக்கும் நடுவே, அந்தப் பாதித் தடத்துப் பசை இரண்டு தோலையும் மெல்லப் பிடித்துக்கொண்டிருந்தது.