ஜூலைக்கு மாற்றிய சாவு

கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டது. ஊரே அவரவர் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்க, அமலநாதன் அம்மாவுக்குப் புதுக் கருங்கல்லே கொண்டுவந்து இறக்கியிருந்தான். தம்பிக்கு இப்போதாவது பாசம் வந்ததே என்று ஆனந்தமேரி குனிந்து படித்தாள். மறைவு: ஜூலை 14.

"இன்னாடா இது? அம்மா செத்தது அக்டோபர்ல, அடைமழையில."

"புத்தகத்துல ஜூலைன்னுதாங்க்கா போட்டிருக்கேன்."

அவன் தன் இளமைக்காலத்தை எழுதியிருந்த புத்தகம். அவளும் படித்துத் தொலைத்திருந்தாள். அப்பா கோபித்தால் நெப்போலியன். கணக்கு வாத்தியார் ரோமாபுரிச் சக்கரவர்த்தி. எதிர்வீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தால் கறுப்பு வெள்ளைப் படத்தின் கடைசி ரீல். கருவாட்டுக் குழம்பு கொதித்தால்கூட அதில் கிரேக்கத் துயரம் மிதந்தது. மனுஷர் என்று ஒருத்தர் அதில் கிடையாது.

"ஜூலை 14 பிரெஞ்சுக்காரங்க திருநாளு. வாணவேடிக்கை வெடிக்குது, அம்மா உயிர் போவுது. பாஸ்டில் சிறை இடிஞ்ச நாள்ல என் சிறையும் இடிஞ்சதுன்னு எழுதினேன். படிச்சவங்க அழுதாங்க. அவங்க இங்க வந்து பாத்து, தேதி வேறயா இருந்தா?"

"அம்மா உனக்கு சிறையாடா?"

"அது உவமை. உனக்குப் புரியாது."

"பேதி நிக்காம பெரியாஸ்பத்திரில கெடந்தா. துணி அலசினது நானு. உன்ன மேட்னி ஷோவுலேருந்து ஆள் உட்டுக் கூட்டியாந்தோம். பக்கத்துக்குப் பக்கம் சினிமா சினிமான்னு எழுதினியே, அந்த சினிமாவ மட்டும் காணோம்?"

அமலநாதன் கல்லில் படிந்திருந்த தூசியைத் தட்டினான்.

"சாமியார் தீர்த்தம் தெளிச்சிட்டா அப்பறம் இதான் அவ செத்த நாளு. எம் பேரப்பிள்ளைங்க வருஷா வருஷம் ஜூலையில பூசை வைக்கணுமா?"

கல் பதிக்க வந்த ஆதிமூலம், "சாந்து இறுகுதும்மா" என்றார்.

"கல்லக் குப்புறப் போடுங்க."

"அடிப்பக்கம் சொரசொரப்பா இருக்குமே."

"இருக்கட்டும். அதுல வெட்டிக்கலாம்."

அமலநாதன் குறுக்கே வந்தான். "அக்கா, எனக்கும் அவங்க அம்மாதான்!"

"அப்படியா? செத்த தேதியச் சொல்லு. நீ சொல்றதையே வெட்டச் சொல்றேன்."

"அக்டோபர்..."

"அது நான் சொன்னது. தேதி?"

பாஸ்டில் இடிந்த வருஷத்தைக் கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

"புரட்டுங்க ஆதிமூலம்" என்றாள் ஆனந்தமேரி.