கிள்ளானில் விட்ட மூட்டை

கிள்ளானில் ஆற்றில் விட்ட சிலிப்பர் கோலாலம்பூருக்குத் திரும்பி வருமா? வராது. ஆறு கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு ஓடி, அங்கிருந்து கடலுக்குப் போகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். புஷ்பவல்லிக்கும் தெரியும். அதனால்தான் அன்று மத்தியானம், கையில் எடுத்த சிலிப்பரைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவள் ஆற்றுக் குப்பையில் சிலை செய்கிறவள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளம்தான் பட்டறை. அதே ஊரில், மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் பின்னால் ஆற்றில் மிதவை கட்டிக் குப்பையைத் தடுக்கிறார்கள். அங்கே சேருவதை ரெங்கசாமி சாக்குச் சாக்காக லோரியில் கொண்டுவந்து போடுவார். இந்த முறை பன்னிரண்டு அடி நீளத்தில் ஓர் உடும்பு. செதிலெல்லாம் சிலிப்பர். அடுத்த மாதம் கண்காட்சி.

அந்தச் சிலிப்பரின் வார் அறுந்து, நீலக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. அவள் கணவர் கார்த்திகேசு கட்டிய கட்டு. புதுசு வாங்கச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன். மூன்று மாதத்துக்கு முன், அவருடைய பதினாறாம் நாள் காரியத்தன்று, சட்டை, கைலி, மூக்குக்கண்ணாடி, இந்தச் சிலிப்பர் ஜோடி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கிள்ளானில் ஆற்றில் விட்டார்கள். விட்டபின் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். பூசாரி இரண்டு தடவை சொன்னார்.

புஷ்பவல்லி திரும்பிப் பார்த்தாள். பாசத்தால் பார்த்திருந்தாலாவது பரவாயில்லை. ஆற்றில் குப்பை போடாதீர்கள் என்று இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னவள், தன் கையாலேயே ஒரு பிளாஸ்டிக் பையை விட்டிருக்கிறாள். அது மூழ்கிவிட்டதா என்று பார்த்தாள். மூழ்கவில்லை. ஓடுகிற தண்ணீரில் ஓடாமல் நின்றது.

அடுத்த சாக்கில் சிலிப்பரின் ஜோடியும் கண்ணாடியும் வந்தன. அதற்கடுத்ததில் சட்டை, பெயின்ட் கறை படிந்த கைலி. ரெங்கசாமியிடம் கேட்டாள். அவர் சிரித்தார். கிள்ளானில் போட்டது கடலுக்குத்தான் போகும், இங்கே நடந்து வர அதற்குக் கால் இருக்கிறதா என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அவளுக்குப் பயமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. உயிரோடு இருந்தவரை ஒரு கண்காட்சிக்கும் வராதவர். குப்பையைப் போய் யார் பார்ப்பார்கள் என்று கேட்டவர், இப்போது குப்பையோடு குப்பையாக வந்து சேர்கிறார். அந்தக் கோபத்துக்குள் துளி சந்தோஷமும் இருந்தது. அதை நினைத்துத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

மகள் ஷாமினி விஷயத்தைக் கேட்டு அழுதாள்.

"நீங்க திரும்பிப் பார்த்ததாலதாம்மா அப்பா போக முடியாம நிக்கிறாரு. மறுபடியும் போய் விட்டுட்டு வந்துருவோம். இந்தத் தடவை பார்க்காதீங்க லா."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கிள்ளான் போனார்கள். புஷ்பவல்லிதான் கார் ஓட்டினாள். கார்த்திகேசு இருந்தபோது, அவள் ஓட்டினால் முன்சீட்டில் உட்காரவே மாட்டார். லோரி ஓட்டிய மனுஷனுக்கு அவள் பிரேக் போடுவதில் நம்பிக்கை இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு சிக்னலிலும் தொண்டையைச் செருமிக்கொண்டு வருவார்.

ஷாமினி காரிலேயே இருந்தாள். புஷ்பவல்லி ஆற்றுப் படியில் இறங்கி, இந்த முறை பருத்தித் துணியில் கட்டிய மூட்டையைத் தண்ணீரில் விட்டாள். போயிட்டு வாங்க என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "போங்க" என்று மட்டும் சொன்னாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

படியேறி நடந்தாள். பத்தடி போவதற்குள் பின்னால் சத்தம் கேட்டது. ஈரச் சிலிப்பர் சிமெண்டில் ஒட்டிப் பிரியும் சத்தம். ஒரு கால் விட்டு ஒரு கால், கம்பி தரையில் உரசியது. அவள் நின்றால் அதுவும் நின்றது. கழுத்து தானாகத் திரும்ப முயன்றது. பல்லைக் கடித்துக்கொண்டு காரையே பார்த்து நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

காருக்குள்ளிருந்து ஷாமினி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை அம்மாவின் தோளைத் தாண்டிப் போயிருந்தது.

அவள் மெதுவாக இறங்கி வந்து, காரின் பின்கதவைத் திறந்துவிட்டாள்.