முட்டைப் பந்துக்குக் கூடிய சனம்

பத்தாயிரம் பேர்கூட இல்லாத டேனிஷ் ஊரான கிரின்ஸ்டெட்டில், சென்ற ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஒற்றை மைக்கால் பன்னிரண்டாயிரம் பேரைக் கிளப்பியவன் நான். நடந்துகொண்டிருந்த கால்பந்தாட்டம் பாதியில் நின்றது. இருபத்திரண்டு ஆட்டக்காரரும், நடுவரும், அவருடைய விசிலும் பக்கத்துத் திடலுக்கு வேறொரு பந்து பார்க்கப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன பந்து நடுவட்டத்தில் தனியாகக் கிடந்தது.

நீங்கள் நம்ப வேண்டாம். பாலேந்திராவும் நம்பவில்லை. அவன் அங்கேதான் நின்றான்.

பாலேந்திரா எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் தலைவன். தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்று, என்னோடு ஒரே நாளில் ஓய்வுபெற்றவன். உருண்டையாக இல்லாத எதையும் பந்து என்று ஒப்புக்கொள்ள மாட்டான். என் மகள் கிளோறியா விளையாடும் பந்துக்கு அவன் வைத்த பெயர் முட்டை.

கிளோறியாவுக்குப் பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, மாலையில் ஃபிளாக் ஃபுட்போல். அது அமெரிக்கன் ஃபுட்போலின் தங்கச்சி. இதில் ஆளை இடித்து விழுத்துவதில்லை. பந்தோடு ஓடுகிறவளின் இடுப்புப் பட்டியில் தொங்கும் துணியை உருவ வேண்டும். உருவினால் ஆட்டம் நிற்கும். நின்றதும் எல்லாரும் வட்டமாகக் கூடி மாநாடு போடுவார்கள். நாலு செக்கன் ஓட்டம், நாற்பது நிமிட மாநாடு. பார்க்கிற மனிசனுக்குத் தலைமயிர் கொட்டும். எனக்குக் கொட்டியே விட்டது. என்ன செய்வது, பெற்ற பிள்ளை.

நாலு வருடமாக அவளுடைய குழு கார் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஒரு சரிவில்தான் பயிற்சி செய்தது. பெரிய திடல் எங்கள் கழகத்திடம். அதில் நாங்கள் வருடத்துக்கு ஆறு சனிக்கிழமை ஆடுவோம், மிச்சச் சனிக்கிழமைகளில் முயல்கள் ஆடும். இந்த வருடம் ஊர்ச் சபையான கொமுனக்காரருக்கும் அலுத்துவிட்டது. அடுத்த பருவம் திடல் ஒரு கழகத்துக்குத்தான். உள்ளூர் இணையத் தொலைக்காட்சியின் ஒரேயொரு கமராவும் அந்தக் கழகத்துக்குத்தான். இரண்டு கழகமும் ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் ஆடட்டும், சரியாக ஒரு மணிக்குத் தலை எண்ணுவேன் என்றான் திடல் பொறுப்பாளன் நிக்கலஸ். திடல் கிடைக்காவிட்டால் கிளோறியாவின் குழுவில் பாதிப்பேர் விலகுவதாகச் சொல்லிவிட்டார்கள். அதோடு குழு முடிந்தது.

எங்கள் சுற்றுப்போட்டி பத்து மணிக்கு என்று துண்டுப்பிரசுரத்தில் இருந்தது. பத்து மணிக்கு நானும், மனைவி விமலராணியும், பாலேந்திராவும், பெருங்காற்றும் இருந்தோம். எங்கள் ஆட்களுடைய பத்து மணி பன்னிரண்டுக்கு வந்து சேர்ந்தது. எஸ்பியர்க்கிலிருந்தும் ஒடென்சேயிலிருந்தும் கார் காராக, மடக்குக் கதிரைகளோடு சனம் இறங்க, இரண்டு பக்கமும் ஆட்டம் தொடங்கியது. கிளோறியாவின் பக்கம் ஒன்பது பேர். நாயையும் எண்ணினால் பத்து.

"பாத்தியே றொபேட்? உருண்டைக்குத்தான் சனம் வரும்" என்று என்னிடம் சொன்னான் பாலேந்திரா.

பன்னிரண்டரைக்கு ஃபியூஸ் போனது. போகாமல் என்ன செய்யும்? விமலராணியின் றோல்ஸ் பொரிக்கிற இரண்டு மின்சட்டியும், தேத்தண்ணீர்க் கேத்தலும், என்னுடைய மைக்கும் ஒரே பிளக்கில். எங்கள் விழாக்களில் என்றைக்குமே அப்படித்தான்.

"இஞ்சருங்கோ, எண்ணெய் ஆறுது! நூறு பேர் நிக்கினம், என்னத்தைக் குடுக்கிறது?"

"அங்காலை விளக்குக் கம்பத்தில ஒரு பிளக் இருக்கு" என்றேன்.

"அது முட்டைக்காரற்ற பக்கம்!" பாலேந்திரா பாய்ந்தான்.

"கரண்டுக்கு உருண்டை, முட்டை தெரியுமோ? பசிச்ச சனம் உன்னைத்தான் திட்டும்."

இந்தப் பக்கத்தில் இன்னும் மூன்று பிளக்குகள் இருந்தன. அவற்றை நான் சோதிக்கவில்லை என்பது உண்மை.

சட்டியும் என் மைக்கும் போயின, சனமும் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது. போய் எல்லாரும் கிளோறியாவின் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். அப்படி ஒரு முதுகுக் கூட்டத்தை நான் எங்கேயும் கண்டதில்லை.

"சாப்பிடுகிறவர்களை எண்ண மாட்டேன், பார்க்கிறவர்களைத்தான் எண்ணுவேன்" என்றான் நிக்கலஸ். நேரம் பன்னிரண்டு ஐம்பது. கிளோறியா திடலில் நின்று, தலையிட வேண்டாம் அப்பா என்று டேனிஷில் கத்தினாள். டேனிஷில் சொன்னதால் எனக்குக் கேட்கவில்லை.

சுற்றுப்போட்டி அறிவிப்பாளன் இருபது வருடமாக நான்தான். மைக்கை எடுத்தேன்.

"அன்பான ரசிகப் பெருமக்களே! பந்து இப்போது கிளோறியாவின் கையில்! ஆறடி உயரப் பெண்ணொருத்தி துரத்துகிறாள்! இல்லை, ஏழடி! கையை நீட்டுகிறாள், இடுப்புத் துணியைப் பிடிக்கப் போகிறாள்!"

ஒடென்சேயிலிருந்து வந்த ஒரு மனிசி வாயில் வைத்த றோல்ஸோடு திரும்பினாள்.

"ஐயோ, பிள்ளையின்ர துணியையெல்லோ உருவப் பாக்கிறாள்! ஓடு பிள்ளை, ஓடு!"

அவ்வளவுதான். ஒரு முதுகு திரும்பினால் நூறு முதுகு திரும்பும். விதி ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் துரத்துகிறவளிடம் துணி அகப்படக்கூடாது என்பது எல்லாருக்கும் விளங்கியது. மாநாடு கூடிய போதெல்லாம், "என்னத்தை இவ்வளவு கதைக்கினம்? பந்தைக் குடுங்கோவன்!" என்று சனம் பல்லைக் கடித்தது. சத்தத்தைக் கேட்டு முதலில் எங்கள் கோல்காப்பாளர் இருவரும் வந்தார்கள். பிறகு மிச்ச ஆட்டக்காரர். என் சத்தத்தில் விசில் கேட்கவில்லை, மைக்கைக் குறை என்று சொல்ல வந்த நடுவர், சொல்ல மறந்து அங்கேயே நின்றுவிட்டார்.

"டேய், ஆட்டம் பாதியில நிக்குது! வாங்கோடா!" பாலேந்திரா ஒவ்வொருவராகக் கையில் பிடித்து இழுத்தான். யாரும் அசையவில்லை.

கடைசி ஓட்டம் கிளோறியாவுடையது. மூன்று பேரை ஏய்த்தவளுக்குக் கோட்டடியில் துணி பறிபோனது. ஒரு முழம் குறை என்று கையைக் காட்டினார் அவர்களுடைய நடுவர். அவளுடைய குழு தோற்றது.

நிக்கலஸ் எண்ணி முடித்திருந்தான். அவன் கணக்கில், ஒரு மணிக்கு அந்தப் பக்கம் இருநூற்று நாற்பத்து மூன்று, எங்கள் பக்கம் சைபர். ஆனால் இரண்டு கழகமும் கையெழுத்து வைத்தால்தான் எண்ணிக்கை செல்லும்.

"வைக்க மாட்டன்" என்றான் பாலேந்திரா. "அது றோல்ஸுக்கு வந்த சனம். எங்கட ஆட்டம் நிக்கேல்லை, இடைவேளை விட்டது. முட்டையை ஒருத்தரும் பாக்கேல்லை. நானும் பாக்கேல்லை."

கிளோறியா பட்டியைக் கழற்றிப் பையில் போட்டாள். வாதாட அவளிடம் தெம்பில்லை.

"சரி, விடுங்கோ அங்கிள். எப்பிடியும் நான் கோட்டைத் தாண்டேல்லைத்தானே."

"ஆர் சொன்னது?" பாலேந்திரா சீறினான். "நீ தாண்டிப்போட்டாய் பிள்ளை! பந்து உள்ளுக்குப் போன பிறகுதான் அவள் துணியை உருவினவள்! அந்த நடுவர் எங்க பாத்துக்கொண்டு நிண்டவர்? ஒரு முழமாம், ஒரு முழம்!"

விமலராணி சட்டியைத் துடைப்பதை நிறுத்தினாள். தமிழ் தெரியாத நிக்கலஸ்கூடச் சிரித்துக்கொண்டு பேனையை நீட்டினான்.

பாலேந்திரா நடுவட்டத்தில் கிடந்த பந்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பேனையைப் பிடுங்கினான்.

"ஓம். எங்கட ஆட்டம் நிண்டதுதான். நடுவரும் வந்தவர்தான். நானும் கதிரையில ஏறி நிண்டு கத்தினனான்." கையெழுத்தை வைத்துவிட்டு என்னை முறைத்தான். "உவன் இனிச் சாகுமட்டும் உதைச் சொல்லித் திரிவான். சொல்லட்டும். நடந்ததுதான்."