கண்டம் லைனில் ஒரு சனிக்கிழமை

யாரோ ஒருவர் பழைய டீசல் இன்ஜின்களைப் படம் எடுக்க அனுமதி வாங்கியிருக்கிறார், சனிக்கிழமை கூடவே நின்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரி சொன்னபோது ஜெயலட்சுமி மறுக்கவில்லை. மறுத்துப் பேசவும் தெம்பு வேண்டும். ரயில்வே கிடங்கில் கிளார்க் வேலை. ஆஸ்டின் டவுன் வீட்டில், போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து படுத்த அப்பா. ராத்திரியெல்லாம் அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, துணி மாற்றி, விடிந்ததும் பக்கத்து வீட்டு ஃபாத்திமாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் அவள் பஸ் ஏறுவாள். கல்யாணம் ஆகாதவள் என்பதால் அப்பா அவள் பொறுப்பு என்று யாரும் பேசாமலே முடிவாகியிருந்தது. தம்பி பரத் பொம்மனஹள்ளியில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி அனுஷாவோடு வந்து, ஆப்பிள் வாங்கி வைத்துவிட்டுப் போவான்.

படம் எடுக்க வந்தவர் பெயர் ஓஸ்வால்ட். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை, ஐம்பதை ஒட்டிய வயது, தோளில் கனமான கேமராப் பை.

"வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சிக்கோங்க சார். ஆளுங்களை மட்டும் எடுக்கக் கூடாது, லெட்டர்லயே போட்டிருக்கு," என்றாள்.

"தெரியும் மேடம். வண்டி மட்டும்தான்."

இனி ஓட லாயக்கில்லை என்று ‘கண்டம்’ செய்யப்பட்டு, ஏலத்துக்குக் காத்திருக்கும் இன்ஜின்கள் நின்ற தண்டவாளத்தைக் கண்டம் லைன் என்பார்கள். மோட்டாரையும் ஹாரனையும் ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள். சக்கரங்களுக்கு நடுவே பார்த்தீனியச் செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது. ஓஸ்வால்ட் அவசரப்படுகிற ஆளாக இல்லை. ஒவ்வொரு இன்ஜின் முன்னாலும் மண்டியிட்டார், மேகம் விலகக் காத்திருந்தார், திருப்தி வராமல் திரும்பவும் எடுத்தார். ஜெயலட்சுமிக்குக் கால் கடுத்தது. நிழல் பக்கமாக ஒரு இன்ஜினின் படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

கண் விழித்தபோது நிழல் நகர்ந்து, முழங்கால்மேல் வெயில் விழுந்திருந்தது. எதிரே ஓஸ்வால்ட் கேமராவை இறக்கியபடி நின்றார்.

"என்னையா எடுத்தீங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. "ஆமா மேடம். தப்புதான். அந்த இன்ஜின்கிட்ட நீங்க உக்காந்திருந்தது... கை தானா போயிடுச்சு."

"டூட்டில தூங்கினேன்னு எனக்கு மெமோ வரும் சார். உங்களுக்கென்ன."

"யாருக்கும் காட்டமாட்டேன். இப்பவே அழிச்சிடறேன்."

"இருங்க. முதல்ல காட்டுங்க."

கேமராவின் சின்னத் திரையில் வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள். துருவேறிய கதவில் தலை சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு செருப்பு கழன்று சரளைக்கல்லில் கிடந்தது. புடவைத் தலைப்பில் கிரீஸ். கண்ணாடியில் தினமும் பொட்டு வைக்கும்போது பார்க்கிற முகம் இல்லை அது. யாராவது இப்படி ஒருத்தியை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் எழுப்பி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள் என்று தோன்றியது.

"உடம்பு சரியில்லையா மேடம்?" என்றார் ஓஸ்வால்ட்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. தூக்கம்தான்." கேமராவை அவரிடம் நீட்டினாள். "அழிச்சிடுங்க."

அவள் பார்க்கவே அழித்தார். மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களை மளமளவென்று எடுத்து முடித்துவிட்டு, கேட்டில் கையெழுத்துப் போட்டு, இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். அவர்மேல் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே தம்பிக்குப் போன் போட்டாள்.

"பரத், சாயந்திரம் வீட்டுக்கு வா. ஒரு வாரம் அப்பாகிட்ட நீ படுத்துக்கோ."

"ஏன்க்கா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. என்னால முடியல."

"திடீர்னு சொன்னா எப்படிக்கா? எனக்கு அதெல்லாம் பழக்கமும் இல்லையே. அனுஷாகிட்டயும் கேக்கணும்," என்றான்.

"கேளு. கேட்டுட்டு வா. எனக்கும்தான் பழக்கம் இல்லாம இருந்துச்சு."

பரத் இருட்டுவதற்கு முன்பே வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். துணி மாற்றுவது எப்படி, எந்தப் பக்கம் திருப்பினால் அப்பாவுக்கு வலிக்கும் என்று அவள் சொல்லச் சொல்ல, தலையை மட்டும் ஆட்டினான். அவள் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு முன்னறையில் பாயை விரித்துப் படுத்தாள். உள்ளே அப்பா, "ஜெயா... ஜெயா..." என்று குழறலாகக் கூப்பிட்டார். எழுந்திருக்க அவள் கை தானாகத் தரையில் ஊன்றியது.

"நான் இருக்கேன்ப்பா. பரத்து," என்ற குரல் கேட்டது. பக்கெட் நகரும் ஓசை, பிறகு தம்பி எதையோ கீழே போட்டுவிட்டுத் தனக்குள் முனகியது.

ஜெயலட்சுமி கையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்பா இன்னொரு முறை அவளைக் கூப்பிட்டார். அவள் எழவில்லை.