படத்தின் இடது பக்கம்

டிவிக்குப் பின்னால் குனிந்து, தூசிக்குள் கையை விட்டு, பழைய வீடியோ பிளேயரின் மஞ்சள் ஒயரை அவள் சொருகியபோது அந்தப் பக்கமிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"இதுலயும் இல்ல."

"என்ன இல்ல?"

"இடது பக்கம். வெட்டித் தொலைச்சிருக்கானுங்க."

ரிமோட்டோடு தரையில் உட்கார்ந்திருந்த அண்ணன் சலித்துக்கொண்டான். "அப்பா, இது நீங்களே டிவிலேர்ந்து ரெக்கார்ட் பண்ண டேப்பு. இதை யாரு வெட்டுவா?"

"உங்கம்மாதான் டிவி மேல துணி ஏதாவது தொங்கவிட்டிருப்பா."

"ஆமா, டேப்புக்குள்ள போய்த்தான் துணி காயப்போட்டேன்," என்று சமையலறையிலிருந்து அம்மா பதில் சொன்னாள்.

டிவிக்குப் பின்னால் இருந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒயரை இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டு, "இப்ப?" என்றாள்.

"இப்பவும் அதேதான்."

வருடக் கடைசி விடுமுறைக்கு அந்தப் படத்தைப் போடாத வருடமே கிடையாது. கப்பல் கம்பெனி குமாஸ்தா ஒருவன் லீவுக்கு வீட்டுக்கு வருவான். வீட்டுச் சொந்தக்காரன் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருப்பான். குமாஸ்தாவின் மகள் உள்ளே மாட்டிக்கொண்டிருப்பாள். கருப்பு வெள்ளை. அப்பா அதை எத்தனை முறை பார்த்திருப்பார் என்று யாருக்கும் தெரியாது, கதைக்காகப் பார்க்கிறாரா என்பதும் தெரியாது. அவருக்கு முக்கியம் படம் எப்படித் தெரிகிறது என்பது. கீழே இருக்கும் டிவி ரிப்பேர் கடை அவருடையது. ஒரு காலத்தில் அங்கேயே கேசட் வாடகைக்கு விட்டார். அண்ணனுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்ததும் அங்கேதான். கடைக்கு ஒரே ஒரு விதி: வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்காதே, பெட்டியைப் பார். பார்க்கிறவன் எப்போதும் தப்பாகத்தான் சொல்லுவான். கலர் போச்சு என்பான், திறந்து பார்த்தால் சவுண்டு போயிருக்கும். அப்பா இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் அதுவே கண்ணாகிவிட்டது.

அதனால்தான் காலையில் டிவியில் படம் ஆரம்பித்து, அப்பா முதல்முறை இடது பக்கம் இல்லை என்றபோது மூன்று பேருமே பெட்டியைப் பார்த்தார்கள்.

அது புதிதாகச் சுத்தம் செய்த பிரதி. கோடு, புள்ளி எதுவும் கிடையாது. முகங்களெல்லாம் மெழுகு தேய்த்த மாதிரி வழவழவென்று இருந்தன. கோடுகளை அழித்த கம்ப்யூட்டர் மழையையும் கோடு என்று நினைத்து அழித்துவிட்டதில், குமாஸ்தா காய்ந்த வானத்துக்குக் கீழே குடை பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு எங்க? ஜன்னலே இல்லியே," என்றார்.

அதற்கு விளக்கம் சொன்னவள் அவள்தான். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பட்டம் வாங்கிய நாளிலிருந்து அப்பா அவளைப் பட்டதாரி என்றுதான் கூப்பிடுகிறார். பெருமை பாதி, குத்தல் பாதி. எதற்குமே விளக்கம் வைத்திருக்க வேண்டும் என்ற வீம்பு அவளுக்கு அந்தப் பெயரிலிருந்து வந்ததுதான்.

"பழைய படம் கிட்டத்தட்ட சதுரம்பா. இப்ப இருக்கிற டிவி அகலம். முழுசா நிரப்பணும்னு மேலயும் கீழயும் வெட்டிடறாங்க."

"மேல கீழயா சொன்னேன்? இடது பக்கம்டி."

"எல்லாம் ஒண்ணுதான்பா."

பிறகு அண்ணன் டிஷ் ஒயரைக் கழற்றி மாட்டினான். அதுவும் சரிவரவில்லை என்று டிஸ்க்கைப் போட்டான். அது கலர் பூசிய பிரதி. குமாஸ்தாவின் கோட்டு நீலம், மகளின் கன்னம் ரோஜா, குதிரைக்குக் கூட யாரோ உதட்டுச்சாயம் போட்டிருந்தார்கள். அதிலும் இடது பக்கம் இல்லை என்றார் அப்பா. டிவியின் பின்மூடியைக் கழற்றி, மாட்டி, அமைப்புகளை எல்லாம் மாற்றி, கடைசியில்தான் அலமாரியிலிருந்து இந்த டேப் இறங்கியது.

அவள் நிமிர்ந்து, முழங்கையில் ஒட்டிய தூசியைத் தட்டியபடி டிவிக்கு முன்னால் வந்தாள்.

டேப்பில் மழை பெய்துகொண்டிருந்தது. நகலுக்கு நகல் எடுத்த படம், அடியில் கோடுகள் வளைந்து ஓடின. ஆனால் எல்லாம் இருந்தது. வலது பக்கம் கேட்டைப் பிடித்துக்கொண்டு குமாஸ்தா. இடது பக்கம் ஜன்னல். ஜன்னலில் அந்தப் பெண்.

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். டிவியில் வந்தது ஒரு பிரதி. டிஸ்க் வேறு. டேப் வேறு. மூன்றிலும் ஒரே பக்கத்தை வெட்ட யாருக்கு என்ன வேண்டுதல்?

டிவிக்கு இடது பக்கமாக நகர்ந்து, அப்பாவுக்கு எதிரே, நல்ல வெளிச்சத்தில் நின்றாள்.

"அப்பா. நான் எங்க நிக்கிறேன்?"

"எங்க நிப்ப? டிவிக்குப் பின்னாடிதான். வெளிய வந்து பாரு, என்ன லட்சணமா ஒயர் மாட்டியிருக்கேன்னு."

அண்ணனின் கையிலிருந்த ரிமோட் அப்படியே நின்றது. அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைக் காலையிலிருந்து இப்போதுதான் பார்க்கிறாள். வலது கன்னம் மழமழவென்று இருந்தது. இடது கன்னத்தில் நரைத்த முள் அப்படியே இருந்தது, காது ஓரம் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. படத்துக்கு நேரமாச்சுன்னு பாதி சவரத்தோட ஓடி வந்துட்டாரு என்று அண்ணன் காலையில் கிண்டல் செய்தது நினைவுக்கு வந்தது. இடது தொடையில், வேட்டியில், பெரிய டீக்கறை. கொட்டியபோது சூடாக இருந்திருக்க வேண்டும். அவர் ஒரு சத்தமும் போடவில்லை. அம்மாதான் வேட்டி போச்சே என்று திட்டினாள்.

"அண்ணா, ஆம்புலன்சுக்குப் போன் பண்ணு."

"என்னடி சொல்ற?"

"போன் பண்ணுடா."

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "எதுக்கு ஆம்புலன்ஸ்? நல்லா உக்காந்து படம் பாத்துட்டிருக்கிற மனுசனுக்கு?"

"நல்லா இல்லம்மா. அவருக்கு இந்தப் பக்கமே தெரியல."

"கண்ணாடி பவர் மாறியிருக்கும்," என்றான் அண்ணன். குரல் அவனுடையது போலவே இல்லை. "நேத்து சரியா தூங்கவும் இல்ல."

"மூணு பிரதியிலயும் எப்படிடா ஒரே பக்கம் போவும்? நீயும் மெக்கானிக்தானே? யோசி."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்ததில் அவர் வாய் ஒரு பக்கம் மட்டும் ஏறியது. "படிச்சிட்டா எனக்குக் கண்ணு இல்லன்னு சொல்லுவியா நீ? எனக்கு ஒண்ணும் இல்ல. பெட்டியைப் பாருங்கடா."

யாருக்கும் காத்திருக்காமல் அவளே போன் செய்தாள். மறுமுனையில் இருந்த பெண்ணின் குரலில் அவசரமே இல்லை. இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள் என்றாள்.

"அப்பா, ரெண்டு கையையும் தூக்குங்க."

"எதுக்கு? கொள்ளைக்காரியா நீ?"

"எனக்காகப்பா."

அவர் வலது கையைத் தூக்கினார். இடது கை நாற்காலியின் கையிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது, யாரோ கழற்றிப் போட்ட பொருள் மாதிரி.

"தூக்கியாச்சு. போதுமா?"

"ரெண்டும் தூக்கிட்டீங்களா?"

"ரெண்டுந்தான். பாத்தா தெரியல?"

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். டிவியில் மழை கொட்டியது. அதை அணைக்க யாருக்கும் கை வரவில்லை. அணைத்தால் அவர் கத்துவார், அவர் கத்தினால் என்ன ஆகுமோ என்று மூன்று பேருக்கும் பயம். அண்ணன் போய் வாசலில் நின்றான், உள்ளே வந்தான், மறுபடி வாசலுக்குப் போனான். விடுமுறை நாள். தெரு காலியாகக் கிடந்தது. ஒரு வண்டிச் சத்தமும் இல்லை.

அவள் அப்பாவின் வலது பக்கம் போய் மண்டியிட்டாள். அவர் உடனே திரும்பிப் பார்த்தார்.

"வந்துட்டியா? எங்க போய்த் தொலைஞ்ச?"

"இங்கதான்பா இருந்தேன்."

"தலை வலிக்குதுடி," என்றார், ரகசியம் சொல்கிற மாதிரி. அது அம்மா காதில் விழுந்துவிடக் கூடாது அவருக்கு.

அவள் அவர் நெற்றியில் கையை வைத்தாள். இத்தனை படித்தாள். பரீட்சையில் எழுதியது எல்லாம் நினைவிருக்கிறது. இப்போது செய்வதற்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தபோது அதில் வந்த ஆள் வயதில் அண்ணனைவிடச் சின்னவனாக இருந்தான். அப்பாவின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தான், ரத்த அழுத்தம் பார்த்தான், பட்டையை அவிழ்க்காமல் இன்னொரு முறை பார்த்தான். பிறகு பொதுவாகக் கேட்டான்.

"எப்ப ஆரம்பிச்சது?"

அண்ணனின் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. தரையில் ஒயர்கள், டிஸ்க் உறை, டிவியின் பின்மூடியிலிருந்து கழற்றி மறுபடி மாட்ட மறந்த ஒரு திருகாணி. அந்த ஆளின் பார்வை எல்லாவற்றின் மேலும் போய் வந்தது.

"இப்பதாம்ப்பா," என்றாள் அம்மா. "இப்பதான், செத்த முன்னாடி."

"சரியா சொல்லுங்கம்மா. பக்கவாதத்துக்கு அதை வச்சுத்தான் ஆஸ்பத்திரியில மருந்து குடுப்பாங்க. நேரம் தாண்டியிருந்தா அந்த மருந்தே ஆபத்து."

"இப்பதான்," என்று அம்மா மறுபடி சொன்னாள். சொல்லிவிட்டு மகளைப் பார்த்தாள். திட்டு வாங்கப் போகிற குழந்தையின் பார்வை அது. அம்மாவை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

"காலைல," என்றாள் அவள்.

"காலைலன்னா?"

"படம் ஆரம்பிச்சப்பவே சொன்னாரு. அதுக்கு முன்னாடி சவரம் பண்ணும்போதே இருந்திருக்கு. நாங்க..." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "நாங்க டிவியைப் பாத்துட்டிருந்தோம்."

அந்த ஆள் சரி என்றான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவன் நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

வண்டியில் ஒருவருக்குத்தான் இடம். அவள் ஏறினாள். உட்காரும் பலகை அப்பாவின் இடது பக்கம் இருந்தது, வலது பக்கம் முழுக்க சிலிண்டரும் பெட்டிகளும். அவருடைய இடது கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக, கனமாக இருந்தது.

வண்டி கிளம்பி, சைரன் ஒலிக்கத் தொடங்கியதும் அவர் கண் கூரையில் எதையோ தேடியது.

"பட்டதாரி வரலியா?"

"உங்க பக்கத்துலதாம்ப்பா இருக்கேன். கையைப் பிடிச்சிட்டிருக்கேன்."

"குரல் கேக்குது. ஆளைக் காணுமே." அவர் முகத்தை வலது பக்கமாகவே திருப்பினார். சிலிண்டர்கள்தான் இருந்தன. மூச்சு இரைத்தது. முதல்முறையாக அவர் குரலில் பயம் இருந்தது. "விட்டுட்டுப் போயிட்டீங்களாடி?"

அவள் எழுந்தாள். கூரைக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, படுக்கையின் குறுக்கே வளைந்து, அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக்குத் தன் முகத்தைக் கொண்டுபோனாள்.

"உக்காருங்கம்மா, விழுந்துடுவீங்க," என்றான் அந்த ஆள்.

அவள் உட்காரவில்லை. அப்பாவின் கண் அவள்மேல் வந்து நின்றது. நெற்றி, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார், கடையில் பெட்டியைச் சரிசெய்து முடித்த பிறகு ஓடவிட்டுப் பார்ப்பாரே, அந்த மாதிரி.

"ம்," என்றார். "இப்ப நல்லா இருக்கு."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் வாந்தி எடுத்தார். அதன் பிறகு கண்கள் திறந்திருந்தன, ஆனால் அவளை விட்டு விலகி எங்கோ போயின. அந்த ஆள் அவள் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினான். மருந்துப் பெட்டியைத் திறந்தான். அப்பாவின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினான். அவள் பலகையின் மூலையில் ஒட்டிக்கொண்டு, அவன் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். அந்த முதுகு நின்றுவிடக் கூடாது என்பதைத் தவிர அவளுக்குள் வேறு நினைப்பே இல்லை. சட்டை நனைந்து, முதுகெலும்பு தெரிந்தது. வெகுநேரம் அது நிற்கவில்லை.

பிறகு அவன் நிமிர்ந்தான். கையுறையைக் கழற்றாமலே, டிரைவருக்கும் தனக்கும் நடுவில் இருந்த கண்ணாடியைத் தட்டினான்.

"மெதுவாவே போ," என்றான்.

சைரன் நின்றது. வெளியே யாரோ ஒரு சைக்கிள்காரன் மணி அடித்துக்கொண்டு போவது கேட்டது.

அவள் எழுந்து, கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுபடி படுக்கையின் குறுக்கே, அப்பாவின் வலது பக்கத்துக்கு வளைந்தாள். கழுத்து வலித்தது. அந்த ஆள் உட்காரச் சொல்ல வாயெடுத்தான், சொல்லவில்லை. அவள் விழுந்துவிடாமல் இருக்க, அவள் இடுப்புக்குப் பின்னால் தன் கையை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டான்.